ஓராள் சைக்கிள்

மடக்கு சைக்கிள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் காலம் தள்ள முடியுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகக் கேட்டுக்கொண்டேன். "முடியும்" என்று நானாகவே பதிலும் சொல்லிக்கொண்டு, இருந்த பழைய சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதத்துக்குள் என் மனைவிக்கு வந்த தலைமை ஆசிரியை பதவி, வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்து, வேறொருவருக்குப் போய்விட்டது. சைக்கிளுக்கும் பதவிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது தாமதமாகத்தான் விளங்கியது. தாமதமாக விளங்குவது என் வழக்கம்.

தூத்துக்குடியில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத அறுபதை நெருங்கும் ஆண்களைத் தேடிப் பிடித்தால் நானும் இரண்டு பாதிரியார்களும் தேறுவோம். அந்த இருவரும் இப்போது கற்றுக்கொண்டு வருவதாகக் கேள்வி. கப்பல் சரக்குக்குச் சுங்கத் தாள் போடும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து துறைமுகச் சாலைக்கு சைக்கிளில்தான் போவேன். எல்லோரும் உடம்புக்காக சைக்கிள் மிதிக்கத் தொடங்கியபோது என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு மரியாதை கொடுத்தார்கள். பயத்தால் மிதிக்கிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பழைய சைக்கிள் உயரமான, கறுப்பான, முழுச் சங்கிலி மூடி போட்ட ஆண் சைக்கிள். அதன் பின்னால் கேரியர். கேரியரில் பழைய சேலையை மடித்துத் தைத்த ஒரு மெத்தை. மெத்தையின் மேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் மனைவி. அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் டபுள்ஸில் கடற்கரைப் பூங்காவுக்குப் போவோம். கல்யாணமான புதிதில் தொடங்கியது. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி பெங்களூரில் குடியேறிய பிறகும் நிற்கவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வெளியே தலையை நீட்டுவார்.

"என்ன சார், இன்னும் லோடு அடிக்கத நிறுத்தலியா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து பதில் போய்விடும். "லோடு இருக்கதாலதான் அண்ணாச்சி வண்டி காத்துல பறக்காம இருக்கு!"

எழுத்தில் நகைச்சுவை செய்பவன் என்று என்னைச் சிலர் சொல்வதுண்டு. அதில் பாதிக்கு மேல் கேரியரில் இருந்து வந்த சரக்கு.

மாலையில் எங்கள் ஊரில் காற்று கடலிலிருந்து வீசும். போகும்போது எதிர்காற்று, ஒரு வார்த்தை பேச முடியாது, வாயைத் திறந்தால் உப்பும் புழுதியும்தான் உள்ளே போகும். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். பின்னால் இருப்பவள் மெதுவாகச் சொன்னாலும் என் காதில் வந்து விழும். நான் சொல்கிற பதிலைக் காற்று முன்னால் கொண்டுபோய்விடும், அவளுக்கு எட்டாது. ஒரு குடும்பம் நல்லபடியாக நடக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்த சாஸ்திரத்திலும் நான் படித்ததில்லை.

முக்கியமான பேச்சு எல்லாம் அந்தத் திரும்பும் பாதையில்தான் நடந்தது. விரலால் என் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள். விஷயம் வருகிறது என்று அர்த்தம். மகளை மதுரையில் படிக்க வைப்பது, என் அம்மாவுக்கு கண் ஆபரேஷன், இந்த அடுக்குமாடி வீட்டை வாங்குவது, மகள் ஒரு பையனை விரும்புகிற செய்தி, எல்லாமே முதுகு வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. என் முகத்தில் எதையும் ஒளிக்க முடியாது. பிடிக்காத ஒன்றைக் கேட்டால் வாய் "சரி" என்னும், முகம் வேறொன்று சொல்லும். அவளோ என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறவள். சைக்கிளில் அவளுக்கு என் முகம் தெரியாது. வீடு வருவதற்குள் அவள் சொல்லி முடித்திருப்பாள். என் முகமும் ஒரு வழிக்கு வந்திருக்கும்.

அந்தப் பாதையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "நான் மட்டும் எச்.எம்.மா இருந்தேன்னு வையுங்க..." பிறகு வரிசையாக வரும். காலை வழிபாட்டில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்த மாட்டாள். கணக்கு வராத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் போட மாட்டாள். சத்துணவுக்கு வரிசை நிற்கையில் சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுவாள். இப்படி ஒரு முழுப் பள்ளிக்கூடத்தை அவள் என் முதுகுக்குப் பின்னால் வருஷக்கணக்காக நடத்திக்கொண்டு வந்தாள். நான் "ம்" போட்டுக்கொண்டு மிதித்தேன்.

பிறகு எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருசக்கர வண்டிகள் பெருகி, என் சைக்கிளைச் சாக்கடை ஓரம் தள்ளிவிட்டன. உப்புக்காற்றில் ரிம் பொரிந்தது. இரண்டாம் மாடிக்கு அதைத் தூக்க முடியாது. அப்போதுதான் செல்போனில் மடக்கு சைக்கிளைப் பார்த்தேன். அது ஒன்றே போதுமா என்று குளிர் நாடுகளில், முழங்கால் தெரியக் கால்சட்டை போட்ட ஆண்கள் இணையத்தில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்குமா, மேட்டில் ஏறுமா, மழையில் நிற்குமா, ரயிலில் கொள்ளுமா என்று அவர்கள் விவாதிக்காதது இல்லை. பின்னால் யார் உட்காருவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அட்டைப்பெட்டி வந்த அன்று ஹாலில் வைத்துப் பிரித்தேன். மூன்று இடத்தில் மடங்கியது. பின்னால் தட்டுப் போல ஒரு குட்டி கேரியர் இருந்தது. என் மனைவி குனிந்து அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"பத்து கிலோவுக்கு மேல வைக்கப்பிடாதாம். என் ஹேண்ட்பேக்கே பத்து கிலோ இருக்குமே."

"சைக்கிள்னா இனிமே இதான். சுத்தமா வீட்டுக்குள்ள நிக்கும். துரு கிடையாது, பூட்டு கிடையாது."

"அப்ப அது?"

"வாட்ச்மேன் கேட்டுட்டே இருந்தாரு. குடுத்திரலாம்னு பாக்கேன்."

அவள் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கேரியர் மெத்தை அவள் கையில் இருந்தது. "இத மட்டும் அவுத்துக்கிட்டேன்" என்றாள். பழைய துணி அவருக்கு எதற்கு என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏற்பாடு சொன்னேன். அவள் ஷேர் ஆட்டோவில் வர வேண்டும், நான் மடக்கு சைக்கிளில் வருவேன், பூங்காவில் சந்திப்போம். எதிர்காற்றில் அந்தச் சின்னச் சக்கரங்களை நான் மிதித்த மிதியில் ஒரு சாதாரண சைக்கிள் திருச்செந்தூர் போயிருக்கும். நான் சேர்ந்தபோது அவள் சுண்டலைத் தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கிக் கையில் வைத்திருந்தாள். திரும்பும்போது அவள் ஆட்டோவில் ஏறினாள், நான் பின்னால் வந்தேன். கடல்காற்று என் முதுகைத் தள்ளியது. முதுகில் யாரும் தட்டவில்லை. அடுத்த வாரம் பேப்பர் திருத்த வேண்டும் என்றாள். அதற்கடுத்த வாரம் நான் கூப்பிடவில்லை.

எனக்கு வேறு ஜோலி இருந்தது. ஊரில் நான் ஒரு வித்தைக்காரனாகியிருந்தேன். துறைமுகச் சாலையில் லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, பேரன் சைக்கிளா? பிள்ள அழுவான், குடுத்துருங்க!" என்று கத்துவார்கள். அலுவலக வாசல் காவலர் தினமும் காலையில், "சார், ஒருக்கா மடக்குங்க பாப்போம்" என்பார். மடக்குவேன். "இப்ப விரிங்க." விரிப்பேன். டீ குடிக்க வந்தவர்கள் வட்டமாக நிற்பார்கள். அவர்களிடம் கியர் விகிதம், கீலின் உறுதி, டயரின் காற்றழுத்தம் என்று சொற்பொழிவு ஆற்றுவேன். இந்த வயதில் ஒரு ஆணுக்கு அவ்வளவு கவனம் கிடைப்பது அபூர்வம். அதை நான் முழுக்க அனுபவித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மாலை ஹாலில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் சைக்கிளை வைத்து, கீலில் படிந்த உப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இத பஸ்ஸுல ஏத்துவாங்களா?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சைக்கிளைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. மடக்கினால் இத்தனை அகலம், இத்தனை உயரம், பையில் போட்டால் சாமான் கணக்கு, ஆனால் கண்டக்டரைப் பொறுத்தது என்று விளக்கினேன்.

"திருச்செந்தூர் பஸ்ஸுல?"

"திருச்செந்தூருக்கு எதுக்கு சைக்கிள்? முருகன் மயில மடக்கி வச்சுட்டு இதுல வரப் போறாராக்கும்?"

அவள் சிரித்தாள். "சும்மா கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் மறுபடி பல்துலக்கியை எடுத்தேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இரண்டே வார்த்தைதான். சுங்கத் தாளில் ஒரு எழுத்துப் பிசகினால் பத்து கேள்வி கேட்கிறவன் நான்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினாள். "மீட்டிங்கு" என்றாள். சரி என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மக்ரூன். பெண்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வந்தவரின் கணவர் மூலையில் நின்ற சைக்கிளைப் பார்த்து, "இதான் அந்த மடக்கு சைக்கிளா சார்?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம். நான் சைக்கிளை நடுவில் இழுத்து வந்து, முதல் கீலைத் திறந்து, கைப்பிடித் தண்டைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சாருக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும். டீச்சர் வேண்டாம்னு எழுதிக் குடுத்ததாலதான் அந்த எச்.எம். போஸ்ட் எனக்குக் கெடச்சுது. சீனியாரிட்டில அவங்களுக்குப் பொறவுதான் நான்."

என் கையில் சைக்கிள் பாதி மடங்கி நின்றது. அதை விரிக்கவும் முடியவில்லை, முழுக்க மடக்கவும் முடியவில்லை.

"எந்த ஊரு?" என்று கேட்டேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்தது போலக் கேட்டதாக நினைப்பு.

"திருச்செந்தூர் தாண்டி, உடன்குடி பக்கம் சார். பஸ் ஸ்டாப்ல இருந்து கொஞ்சம் உள்ள போணும். நாங்க ரெண்டு பேரும் அங்கனயே வீடு பாத்துட்டோம். சார் தனியா கஷ்டப்படுவியன்னு டீச்சர் சொன்னாங்க. எல்லாருக்கும் இப்படி அமையுமா?"

என் மனைவி மக்ரூன் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். நானும் ஒன்று எடுத்தேன். முட்டை வெள்ளையும் முந்திரிப் பருப்பும் சேர்த்து எங்கள் ஊர் பேக்கரிகள் செய்வது அது. வாயில் போட்டால் கரைந்துவிடும். அன்றைக்கு அது கரையவில்லை.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன்.

"ஏளா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க வச்சுச் சொல்ல?"

"எங்க வச்சுன்னா? இந்த வீட்ல வச்சுச் சொல்லக் கூடாதா?"

அவள் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "இங்கன வச்சுச் சொன்னா ஒங்க மூஞ்சியப் பாக்கணும். ஒங்க மூஞ்சி மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லும். அது எனக்குத் தெரியும். பொறவு மாறும், அதுவும் தெரியும். ஆனா மொதல்ல வார மூஞ்சியப் பாத்துட்டா, பொறவு எனக்குப் பேச வராது."

"கேட்டிருந்தா போன்னுதான் சொல்லிருப்பேன்."

"கேட்டேனே."

"எப்ப?"

"பஸ்ஸுல ஏத்துவாங்களான்னு கேட்டம்லா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க அத எடுத்துட்டு அங்கன வாருவிய, திங்கக்கிழமை காலைல போயிருவியன்னு ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தேன். நீங்க மயில மடக்கிட்டிய."

நான் அன்று செய்ததை நீங்களும் யூகித்திருப்பீர்கள். கீழே ஓடினேன். பழைய சைக்கிளைத் திருப்பித் தர முடியுமா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் கேரியரை அறுத்து எடுத்துவிட்டு, தண்ணீர் கேன் வைக்க இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்திருந்தார். "கேன் நல்லா நிக்குது சார்" என்று ஆட்டிக் காட்டினார். நல்ல வேலைதான். மேலே வந்து அவளிடம், புதிதாக ஒரு பெரிய சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டேன்.

"வாங்கி? அந்த வியாழக்கிழமையே பதவி உயர்வுக் கலந்தாய்வு முடிஞ்சாச்சு. ஒருக்கா எழுதிக் குடுத்தா மூணு வருஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நான் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு." கணக்கு டீச்சர். கூட்டிக் கழித்துவிட்டுத்தான் பேசுவாள். கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். குரலில் கோபம் இல்லை.

இப்போது யாராவது மடக்கு சைக்கிள் ஒன்றே போதுமா என்று என்னிடம் கேட்டால் நேர்மையாகவே பதில் சொல்கிறேன். தாராளமாகப் போதும். காய்கறி வாங்கலாம், அலுவலகம் போகலாம், மாடிக்குத் தூக்கலாம், உப்புக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் விட்டால் பத்து வருஷம் உழைக்கும். ஒரு ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அதற்கு மேல் நான் சொல்வதில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

போன மாதம் அந்த உடன்குடிப் பக்கத்துப் பள்ளியில் ஆண்டு விழா. புது எச்.எம். போன் பண்ணி, கட்டாயம் வர வேண்டும் என்றார். என் மனைவி கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். அவளை மேடையில் உட்கார வைத்து பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு எல்லாம் அவள் கைதட்டினாள். நான் பின் வரிசையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டாத நேரங்களில் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வராந்தா, தண்ணீர்த் தொட்டி, வகுப்பறைக் கதவு, சுற்றுச்சுவர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் உடைமரம். தார்ச்சாலை நல்ல சாலைதான், மேடு பள்ளம் இல்லை. பேச ஏதாவது வேண்டும் என்பதற்காக, "சைக்கிள்னா எட்டு நிமிஷம்" என்றேன்.

"ஆமா. நடந்தா இருவத்திரெண்டு."

நான் நின்றேன். நாங்கள் இன்னும் பாதிதான் நடந்திருந்தோம். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கலந்தாய்வுக்கு முந்தின சனிக்கிழமை வந்து நடந்து பாத்தேன். ட்ரெய்னிங்னு ஒங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்." அவள் நிற்காமல் நடந்தாள். பொன்னாடையை மடித்து ஹேண்ட்பேக்கில் திணித்துக்கொண்டே கையை நீட்டினாள். "அந்தா தெரியிதுலா, நீல கேட்டு. அந்த மாடிதான். ரெண்டு ரூம். ஜன்னலத் தொறந்தா கடக்காத்து வருதுன்னு வீட்டுக்காரம்மா காட்டுனாங்க."

மக்ரூன் வந்த நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டிருந்தவன் நான். என்னென்னவோ சொல்லலாம் என்று இருந்தேன். வாயில் வந்தது வேறு.

"சைக்கிள் வைக்க எடம் உண்டா?"

"கேட்டேன். மாடிப்படிக்கு அடியில வச்சுக்கிடலாம்னாங்க."

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் எட்டி நடை போட்டாள். நீல கேட்டைத் தாண்டும்போது நான் உள்ளே பார்த்தேன். மாடியில் யாரோ குடி வந்திருந்தார்கள். கொடியில் சின்னக் குழந்தையின் சட்டைகள் காற்றில் ஆடின. படிக்கு அடியில் இடம் காலியாகத்தான் இருந்தது.